சிந்தெடிக் விஞ்ச் கயிற்றின் நுனியை டிரம்மில் எப்படிப் பூட்டுவது?

கேட்டவர் தன் ஹைலக்ஸ் டபிள் கெப்பின் விஞ்சில் (புதைந்த வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கிற மோட்டார்க் கருவி) இருந்த கம்பிக் கேபிளைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. சிந்தெடிக் கயிறு போடப் போகிறார். கேபிளின் நுனியைப் பிடித்திருந்த அதே ஓட்டைக்குள் கயிற்றையும் செருகி, அதே ஸ்க்ரூவை முறுக்கினால் போதுமா, அல்லது முடிச்சும் போட்டு இன்னும் பலமாக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

இரண்டுமே வேண்டாம். நான் பார்க்கிற வண்டிகளில் கயிறு புதிதாக மாறியிருக்கிறது, நுனியைப் பூட்டுகிற விதம் மட்டும் கேபிள் காலத்திலேயே நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரம்மில், அதாவது கயிறு சுற்றப்படுகிற உருளையில், இருக்கிற அந்தச் சின்ன ஸ்க்ரூவோ போல்ட்டோ வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்கு வைக்கப்பட்டது அல்ல. கயிற்றைச் சுற்றத் தொடங்கும்போது நுனி வழுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பாரத்தைப் பிடிப்பது டிரம்மைச் சுற்றிக் கிடக்கிற சுற்றுகள். கடற்கரையில் கரைவலையை மெஷின் வைத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுழல்கிற உருளையில் கயிற்றை நாலு சுற்றுப் போட்டுவிட்டு, வால் பக்கத்தை ஒரே ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். வலையும் மீனும் கடலின் இழுவையும் சேர்ந்த பாரம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஒரு மனிதரின் கைப்பிடி. வாகரைப் பக்கத்தில் இப்படி நின்ற ஒரு பெரியவரிடம் கை வலிக்காதா என்று கேட்டதற்கு, "நான் எங்க மனே இழுக்கன், சுத்துத்தான் இழுக்குது. ஒரு சுத்தக் கழட்டினா என்னையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார். விஞ்ச் டிரம்மில் அந்தக் கைப்பிடியின் இடத்தில் இருப்பதுதான் உங்கள் போல்ட்.

சிந்தெடிக் கயிற்றில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அது வழுக்கும். டைனீமா போன்ற பெயர்களில் விற்கப்படுகிற இந்தக் கயிறுகள் ஒரு வகைப் பொலித்தீன் இழையால் ஆனவை. அதே தடிப்புள்ள கம்பிக் கேபிளை விடப் பலம் கூட, பாரம் மிகக் குறைவு, தண்ணீரில் மிதக்கும். ஆனால் தொட்டுப் பாருங்கள், மெழுகு பூசியது போல இருக்கும். கேபிளுக்கும் டிரம்முக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.12 என்றும், இந்தக் கயிற்றுக்கு அதில் பாதி, 0.06 என்றும் வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 9,500 இறாத்தல் விஞ்ச், அதாவது ஏறத்தாழ 4,300 கிலோ, முழுப் பலத்தோடு இழுக்கிறது. டிரம்மில் ஐந்து சுற்றுக் கேபிள் இருந்தால் நுனியில் இருக்கிற ஸ்க்ரூவுக்கு வந்து சேர்வது சுமார் 100 கிலோதான். அதே ஐந்து சுற்றுச் சிந்தெடிக் கயிறு என்றால் 650 கிலோ வரும். அதைப் பத்துச் சுற்றாக்குங்கள், மறுபடி 100 கிலோவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு சுற்றும் பாரத்தைக் கழிப்பதில்லை, வகுக்கிறது. அதனால்தான் கேபிளுக்குக் குறைந்தது ஐந்து சுற்று, சிந்தெடிக்குக் குறைந்தது எட்டு முதல் பத்துச் சுற்று டிரம்மில் எப்போதும் இருக்க வேண்டும் என்று விஞ்ச் கம்பனிகள் கையேட்டில் எழுதுகின்றன. நான் பத்து என்றே வைத்துக்கொள்கிறேன். ஈரமும் சுரியும் (சேறு) சேர்ந்தால் வழுக்கல் இன்னும் கூடும்.

பத்துச் சுற்று என்றதும் கயிறு வீணாகிறதே என்று தோன்றும். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. இந்த அளவு விஞ்சில் டிரம்மின் விட்டம் பொதுவாக 64 மி.மீ. அளவில் இருக்கும். 10 மி.மீ. கயிறு ஒரு சுற்றுக்கு 23 சென்டிமீட்டர்தான் பிடிக்கும். பத்துச் சுற்றுக்கு 2.3 மீட்டர். முப்பது மீட்டர்க் கயிற்றில் அது ஒன்றும் பெரிய இழப்பு அல்ல.

சரி, இனி நுனிக்கு வருவோம். பழைய ஓட்டைக்குள் செருகி ஸ்க்ரூவால் அமுக்குவது கம்பிக்குச் சரி, இழைக்குச் சரிவராது. ஸ்க்ரூவின் முனை இழைகளை நசுக்கி அறுத்துவிடும். முறுக்கும்போது நன்றாகப் பிடித்தது போலத்தான் தெரியும், பிறகு கழற்றிப் பார்த்தால் நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். முடிச்சும் உதவாது. இந்த இழை வழுக்குவதால் முடிச்சு மெல்ல மெல்ல இளகும். அதோடு டிரம்மின் மேல் ஒரு மேடாக எழுந்து நிற்கும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு அடுக்கும் அந்த இடத்தில் கோணிக்கொண்டு போகும்.

செய்ய வேண்டியது, கயிற்றின் நுனியில் ஒரு லக்கை (ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் வளையமும் உள்ள உலோகத் துண்டு) அமுக்கிப் பொருத்தி, அதன் வளையத்தைச் சின்னப் போல்ட்டால் டிரம்மில் பூட்டுவது. விஞ்சுக்கென்று விற்கிற கயிறுகள் பலவற்றில் இந்த லக் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் தடித்த பற்றரி வயருக்குப் போடுகிற செம்பு லக்கைக் கயிற்றுக்குப் பொருந்துகிற அளவில் வாங்கி, ஒரு கராஜில் கொடுத்து கிரிம்ப் செய்துகொள்ளலாம், அதாவது அதற்கான கருவியால் அமுக்கி இறுக்கிக்கொள்ளலாம். சுத்தியலால் அடித்துத் தட்டையாக்க வேண்டாம், விளிம்பு கயிற்றை வெட்டும்.

போல்ட்டில் ஒரு விசயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள்: அதன் நீளம். டிரம்மின் சுவர் தடிப்பானது அல்ல. பல விஞ்சுகளில் டிரம்முக்கு உள்ளேதான் ப்ரேக்கும் அதன் தண்டும் இருக்கின்றன. கைக்குக் கிடைத்த நீளமான போல்ட்டைப் போட்டால் அது உள்ளே துருத்திக்கொண்டு ப்ரேக்கில் உரசும். விஞ்சின் கிளட்சை விடுவித்துவிட்டு டிரம்மைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் போல்ட் நீளம். தலை தட்டையான போல்ட்டாகவும் இருக்கட்டும், அப்போதுதான் மேலே வருகிற சுற்று அதில் குத்துப்படாது.

கயிறு போடுவதற்கு முன் டிரம்மை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டும். கேபிள் கிடந்த டிரம்மில் சின்னச் சின்னச் சுணைகள் (கையில் குத்துகிற கூர்முனைகள்) இருக்கும். சாண்ட் பேப்பரால் அவற்றை மழுக்குங்கள். பிடிமானத்துக்காக டிரம்மைச் சொரசொரப்பாக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பு முதலில் அறுப்பது உங்கள் கயிற்றைத்தான். முன்னால் இருந்த உருளை ஃபெயார்லீடும் (கயிறு வெளியே போய்வருகிற வாய்) அப்படித்தான், கேபிள் அரித்த தழும்புகள் இருந்தால் உருளை இல்லாத, வழவழப்பான வாயுள்ள அலுமினிய ஹோஸ் (hawse) வகைக்கு மாறிவிடுங்கள். அப்புறம், முதல் ஒன்றிரண்டு சுற்று நகராமல் இருக்கத் துணி டேப்பை மேலே ஒட்டிக்கொள்ளலாம். சுற்றி முடிக்கும்வரை அது கைக்கு உதவி, அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதும் முக்கியம். பெரும்பாலான விஞ்சுகளில் கயிறு டிரம்மின் அடிப்பக்கத்தால் உள்ளே போக வேண்டும். ப்ரேக் ஒரு திசையில்தான் பாரத்தைப் பிடிக்கும். மாற்றிச் சுற்றினாலும் கயிறு உள்ளே வரும், வண்டியும் நகரும். ஆனால் சரிவில் கையை எடுத்ததும் பாரம் நிற்காது. சுற்ற வேண்டிய திசைக்கு விஞ்சில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கையேட்டைப் பாருங்கள்.

இப்போது முதல் அடுக்கு. என்னைக் கேட்டால் முழு வேலையிலும் உயிர் இதில்தான் இருக்கிறது. சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, இடைவெளி இல்லாமல், இறுக்கமாக அமர வேண்டும். வீட்டு முற்றத்தில் கையால் பிடித்துச் சுற்றினால் அந்த இறுக்கம் வராது. பாரம் வந்ததும் மேல் அடுக்குக் கயிறு தளர்ந்த சுற்றுகளுக்கு நடுவே புதைந்து சிக்கிக்கொள்ளும், பிறகு வெளியே இழுக்க முடியாது. அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையான ஒரு வழியில், நல்ல மருத மரம் ஒன்றில் அகலமான பட்டியைக் கட்டி, வண்டி தன்னைத் தானே இழுக்கும்படி விடுங்கள். வண்டிக்குள் இருக்கிறவர் வண்டியின் ப்ரேக்கை மெல்ல அழுத்தியபடி இருக்கட்டும். முதல் பத்துச் சுற்றைத் தட்டித் தட்டி ஒதுக்கிச் சுற்றிய பிறகே பாரத்தை ஏற்றுங்கள். வெளியே நின்று பார்க்கிறவர் ஒரு சுற்று விலகினாலும் நிறுத்தச் சொல்ல வேண்டும். கயிறு ஓடும்போது டிரம் பக்கம் கை போகவே கூடாது.

பத்துச் சுற்று முடிகிற இடத்தில் கயிற்றுக்கு அடையாளம் வையுங்கள். அந்த இடத்தில் இருந்து வெளிப்பக்கமாக அரை மீட்டருக்குச் சிவப்பு நூலைக் கோர்த்து வைத்தால் இருட்டிலும் டோர்ச் வெளிச்சத்தில் தெரியும். சிவப்பு ஃபெயார்லீடுக்கு வந்தால் அதோடு நிறுத்தம்.

வெள்ளாவெளிப் பக்க வட்டை (வயல்வெளி) ஒன்றில் மாரி காலத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். வரம்பு தாண்டிச் சுரியில் புதைந்த உழவு இயந்திரத்தை ஒரு டபிள் கெப் இழுத்தது. தூரம் போதவில்லை என்று கயிற்றை அடிவரை விட்டிருந்தார்கள், டிரம்மில் இரண்டு மூன்று சுற்று இருந்திருக்கும். முதலில் ஒரு சத்தம், அதற்குப் பிறகு மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றுகிறது, கயிறு அசையவில்லை. கடைசியில் நுனி விடுபட்டுக் கயிறு சேற்றில் விழுந்தது. பாரம் நுனிக்கு வந்ததும் போல்ட் வளைந்து, லக் பிய்ந்துவிட்டிருந்தது. கழன்ற பகுதியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். டிரம்மில் உரசிய பக்கம் முழுவதும் இழைகள் உருகி ஒட்டி, கண்ணாடி போல மினுங்கின, வளைத்தால் விறைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அங்கே வேண்டியிருந்தது ஒரு நீட்டிப்புக் கயிறு அல்லது பட்டி மட்டுமே.

கயிற்றை அடிவரை விடுகிறவர்கள் சொல்கிற இன்னொரு காரணம், முதல் அடுக்கில்தான் விஞ்சுக்கு முழுப் பலம் என்பது. அது உண்மை. பெட்டியில் எழுதியிருக்கிற 9,500 இறாத்தல் முதல் அடுக்குக்கு மட்டும்தான், நாலாவது அடுக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் டிரம்மின் அகலத்துக்கு முதல் அடுக்கில் இருபதுக்கு மேல் சுற்று அடங்கும். பத்தை விட்டுவைத்தாலும் மீதிப் பாதி முதல் அடுக்கிலேயே இருக்கிறது. இன்னும் பலம் வேண்டுமென்றால் ஒரு கப்பியைப் போட்டுக் கயிற்றை இரட்டையாக்குங்கள், இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். இந்த இழை 150 பாகை செல்சியஸ் அளவில் உருகும், 70 பாகையைத் தாண்டினாலே பலம் குறையத் தொடங்கும். ப்ரேக் டிரம்முக்குள் இருக்கிற விஞ்சில், பாரத்தோடு கயிற்றை வெளியே விடும்போது டிரம் சுடும். குளக்கட்டுச் சரிவில் வண்டியை மெதுவாக இறக்குகிற வேலை அப்படிப்பட்டது. அந்தச் சூடு முதலில் படுவது எந்தக் கயிற்றில்? நீங்கள் நம்பியிருக்கிற அதே பத்துச் சுற்றில். அப்படியான இறக்கங்களில் கொஞ்சம் விட்டு, நிறுத்தி, ஆறவைத்து விடுங்கள். சில கயிறுகளில் முதல் அடுக்குக்கென்று சூடு தாங்கும் உறை வரும். அடிக்கடி இறக்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

கடைசியாக ஒன்று. பாணமையில் இருந்து ஒகந்தைக்குப் போகிற மணல் வழியோ, வாகரைக் கடற்கரையோ, படுவான்கரை வயலோ, எங்கே போய் வந்தாலும் வெளியே வந்த கயிற்றைத்தான் எல்லோரும் கழுவுகிறார்கள். உள்ளே கிடக்கிற பத்துச் சுற்றை யாரும் அவிழ்ப்பதில்லை. மணல் அங்கேதான் போய்த் தங்கும், இழைகளுக்குள் இருந்து அரிக்கும். உப்புத் தண்ணீர் அங்கே இருக்கிற போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மாரி தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் வாக்கில், ஒருமுறை முழுவதையும் போல்ட் வரைக்கும் அவிழ்த்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். மினுங்குகிற இழை இருக்கிறதா, லக்கின் வாயில் கயிறு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது லக் போடலாம். போல்ட் துருவாக இருந்தால் அதே நீளத்தில் ஸ்டெயின்லஸ் போல்ட் ஒன்றை மாற்றிவிட்டு, மறுபடி பாரம் ஏற்றி முதல் அடுக்கைச் சுற்றுங்கள்.