பெஞ்சு உயிரை விடுவது காலில்

கேள்வி: மதுரை புதூர் பக்கம் எங்கள் தெருப் பூங்காவில் மூன்று வருஷத்துக்கு முன் சங்கப் பணத்தில் ஆறு இரும்பு பெஞ்சு போட்டோம். நான்கில் கால் துருப்பிடித்து ஆடுகிறது. போன மாதம் ஒன்று, உட்கார்ந்தவரோடு சாய்ந்துவிட்டது. 'எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பெஞ்சு போடுங்க, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது' என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? பழையதைப் பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாமா?

பதில்: ஆயுசு என்றாரே, யாருடைய ஆயுசு என்று கேட்டீர்களா?

முதலில் ஆடுகிற பெஞ்சு ஒன்றின் முன் குனிந்து பாருங்கள். உட்காரும் இடமும் சாய்மானமும் அநேகமாக நன்றாகவே இருக்கும். போனது தரையை ஒட்டிய நாலு விரற்கடை மட்டும்தான். செடிக்கு விடும் உப்புப் போர்த் தண்ணீர் தேங்குவது அங்கே, நாய் காலைத் தூக்குவதும் அங்கே. காலைக் கான்கிரீட்டில் புதைத்தவர் சுற்றிலும் கிண்ணம் மாதிரிப் பள்ளம் விட்டிருப்பார். பைப்புக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். திருப்புளியால் லேசாகக் குத்துங்கள், அப்பளம் மாதிரி உள்ளே போகும். இந்தக் கால் சங்கதியைச் சரிசெய்யாமல் தங்கத்தில் பெஞ்சு போட்டாலும் இதே கதைதான்.

சரி, எஸ்.எஸ். அது ஒரே பொருள் இல்லை. வெளியிடத்துக்கு 304 என்ற ரகம் வேண்டும். அதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஏஜென்ட் மலிவாகத் தருவது பெரும்பாலும் 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. வீட்டுக்குள் பரவாயில்லை, மழையிலும் உப்புத் தண்ணீரிலும் சீக்கிரமே செம்புள்ளி விழும். ஏஜென்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, 'ஒட்டலை பாருங்க சார், 304 தான்' என்பார். மயங்காதீர்கள், 202லும் காந்தம் ஒட்டாது. இந்த ஒரு வித்தையில் எத்தனை சங்கங்கள் விழுந்திருக்கின்றன என்று நினைத்தாலே எரிச்சல் வருகிறது. இதைச் சோதிக்கச் சொட்டுத் திரவம் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியை வைத்தால், 202 சிவந்து காட்டும். பெஞ்சு இறங்கும்போது உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். பில்லில் வெறும் 'எஸ்.எஸ்.' கூடாது, '304' என்று எழுதியிருக்க வேண்டும். கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 தான். எண் கூடினால் தகடு மெலியும். 'பதினெட்டு போட்டுத் தர்றேன் சார்' என்று ஏதோ சலுகை மாதிரிச் சொல்பவர்கள் உண்டு.

இன்னொன்று. '304 தான் வாங்கினோம், சோதித்தும் பார்த்தோம், அப்படியும் துரு வந்தது' என்று வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. பட்டறையில் காலையில் இரும்புக் கேட்டை அறுத்த அதே கிரைண்டர் சக்கரத்தால் மதியம் எஸ்.எஸ்.ஸைத் தேய்ப்பார்கள். இரும்புத் தூள் அதில் பதிந்துவிடும். முதல் மழையில் துருப்பிடிப்பது அந்தத் தூள், பழி மட்டும் 304க்கு. சாதா இரும்பு வெல்டிங் ராடால் பற்றவைத்தாலும் இதேதான், ஒட்டுப் போட்ட இடத்தில் பழுப்புக் கோடு ஓடும். 304க்கு 308எல் ராடு. போல்ட்டும் எஸ்.எஸ்.ஸாகவே இருக்கட்டும். பட்டறைக்கு ஒருநாள் நேரில் போய், எந்தச் சக்கரத்தை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால், கருங்கல். மேலூர்ப் பக்கம் கல்லுக்குப் பேர்போன ஊரை வைத்துக்கொண்டு எதற்கு இத்தனை பைப்பு? ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனப் பலகை கிட்டத்தட்ட 95 கிலோ. ராத்திரியில் யாரும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போக முடியாது. தாங்கு கல்லை இரண்டு ஓரத்திலும் வைக்காமல் ஓர் அடி உள்ளே தள்ளி வையுங்கள், நடுவில் விரிசல் விடாது. வேப்பமரம், புங்கமரம் நிழலில் போடுங்கள். சித்திரை வெயிலில் வெட்டவெளிக் கல்லில் யார் உட்காருவார்? பைபர் பெஞ்சு வேண்டவே வேண்டாம், நம் வெயிலில் வெளுத்து மாவு மாதிரி உதிர்ந்து வேட்டியில் ஒட்டும்.

அரசுப் பணத்தில் போடலாமே என்பீர்கள். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை, புத்தகத்தில் ஏறுவது எண்ணிக்கை. எத்தனை வருஷம் நின்றது என்று எந்தக் கோப்பும் கேட்பதில்லை. நான் பார்த்த ஒரு பேருந்து நிறுத்தத்தில் 'உபயம்' கல்வெட்டு புதுக்கருக்கு மாறாமல் நிற்கிறது, பெஞ்சைத்தான் காணோம். சங்கப் பணம் என்றால் நீங்களே கேட்கலாம். பில் தொகையில் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த பிறகு கொடுங்கள்.

பழையதற்கு வருகிறேன். துருவின் மேல் பெயின்ட் அடிப்பது முகத்துக்குப் பவுடர் பூசுகிற மாதிரிதான். ஆடுகிற கால்களில் கீழே அரை அடியை வெட்டி, நல்ல பைப்பை ஒட்டி, அடியில் 6 மி.மீ. தகடு வைத்து முழுச் சுற்றும் வெல்டிங் செய்யுங்கள். தகட்டுக்குச் சற்று மேலே தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, அப்புறம் பெயின்ட். மண்ணில் புதைக்காமல், தரைக்கு நாலு அங்குலம் மேலே வெளிப்பக்கம் சரிவு விட்டுக் கான்கிரீட் மேடை கட்டி, அதில் போல்ட் போடுங்கள். சாய்ந்து விழுந்ததை மட்டும் எடைக்குப் போட்டுவிடுங்கள்.