இசை கேள்வி–பதில்: கோர்ன் சத்தத்துக்கும் கட்டை சொல்லும் பிள்ளை

கேள்வி: எட்டு வயது மகள் சங்கீதம் படிக்கிறாள். பஸ் கோர்னைக் கேட்டால் “ஐந்தரைக் கட்டை”, கோயில் மணியைக் கேட்டால் “இரண்டு கட்டை” என்கிறாள். அப்சலூட் பிட்ச் என்பது இதுதானா? ஆனால் சுருதியை மாற்றி வைத்தால் பாடத் தடுமாறுகிறாள். (ஒரு தாய், கிளிநொச்சி)

பதில்: இருக்கலாம். வேறு சுரத்தோடு ஒப்பிடாமலே கேட்ட சுரத்தின் பெயரைச் சொல்வதுதான் அப்சலூட் பிட்ச். (கட்டை என்பது கீபோர்ட்டின் C-ஐ ஒன்று என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்லும் முறை; ‘அரை’ வந்தால் கறுப்புக் கட்டை.) மணியை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் ஒரே நேரத்தில் பல சுருதி ஒலிக்கும், யார் எதைச் சொன்னாலும் பொருந்தும். அவள் பாடுவதும் ஐந்தரைக் கட்டையில் என்றால், அந்த ஒன்றை மட்டும் மனதில் பதித்திருக்கவும் கூடும்.

கீபோர்ட்டில் சோதியுங்கள். ட்ரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) 0, ரியூனிங் 440 (ஆறு கட்டையான A-க்குப் பொது அளவு, ஹெர்ட்ஸில்) என்று இருக்க வேண்டும். பழைய ஆர்மோனியம் வேண்டாம், ரீட்டுகள் விலகியிருக்கும். பாட்டு வகுப்பு இல்லாத நாளில், சுருதிப்பெட்டி போடுவதற்கு முன் செய்யுங்கள். மூன்று ஸ்தாயியில், ஒன்றுக்குப் பன்னிரண்டாக 36 சுரங்களையும் கலைத்து எழுதுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டுக்கும் இடையில் ஒரு ஸ்தாயிக்கு மேல் தூரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்னதை வைத்துக் கணக்குப் பார்த்துவிடுவாள். பிள்ளை முதுகு காட்டி இருந்து, ஐந்து வினாடிக்குள், வாயால் பாடிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். முடியும்வரை “சரி” என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லே அடுத்த சுரத்துக்கு அளவுகோலாகிவிடும்.

குருட்டு ஊகத்தில் 36இல் மூன்று அளவில் சரிவரும். 30ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். ஸ்தாயி மாறிச் சொன்னால் பிழை போடாதீர்கள், இந்த ஆற்றல் உள்ளவர்களுக்கும் அது சறுக்கும். பிறகு புல்லாங்குழல் ஒலியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். புள்ளி சரிந்தால், அவள் அறிந்தது சுரத்தை அல்ல, அந்தக் கீபோர்ட்டின் குரலை.

சுருதி மாற்றும்போது வரும் தடுமாற்றத்துக்கும் இந்த ஆற்றலே காரணமாக இருக்கலாம். ஐந்து கட்டைச் சுருதியில் சட்சமாக (ச) இருக்கும் அதே கட்டை, ஒரு கட்டைச் சுருதியில் பஞ்சமம் (ப). நமது சங்கீதத்துக்கு வேண்டியது சட்சத்திலிருந்து தூரத்தை அளக்கும் காது. கட்டையின் பெயர் முந்திக்கொண்டு வந்தால் அந்தக் காது பின்தங்கும். சரளி வரிசையை (ஆரம்பச் சுரப் பயிற்சி) ஒரு வாரம் ஐந்து, மறு வாரம் ஐந்தரை, அதன்பின் நாலரை என்று மாற்றிப் பாடட்டும். தம்புரா ஒலி மட்டும் போதும், கூடவே கீபோர்ட் வாசிக்க வேண்டாம்.

கேள்வி: 27 வயதில் இதைப் பழகலாமா? (முள்ளியவளை வாசகர்)

பதில்: முழுமையாக வருவது மிக அரிது. ஆறேழு வயதுக்குள் இசை தொடங்கியவர்களிடமே பெரும்பாலும் காண்கிறோம். ஒரு சுரத்தைப் பிடித்து வைக்கலாம்: காலையில் எதையும் கேட்கும் முன் உங்கள் சட்சத்தை முனகி, போனில் உள்ள ரியூனரில் பார்த்து, ஏற்றமா இறக்கமா என்று தினமும் குறியுங்கள். கூத்துக்கும் கோயில் பஜனைக்கும் அது தாராளம்.

கேள்வி: சிறுவயது முதல் சுரம் சொல்லிவிடுவேன். 56 வயதில் எல்லாமே அரைக் கட்டை ஏறிக் கேட்கிறது. ஆர்மோனியத்தில் பிழையா? (மல்லாவி வாசகர்)

பதில்: ரியூனரை 440இல் வைத்துப் பார்த்து, சுரங்கள் சரியென்று காட்டினால் ஆர்மோனியத்தில் பிழையில்லை. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தால் இந்த ஆற்றல் உள்ள பலருக்கும் இப்படித்தான் ஏறும். நேர்மாறாக இறங்கிக் கேட்டால், வலிப்புக்குக் கார்பமசெபின் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அது சுருதியை அரைக் கட்டை அளவில் இறக்கிக் காட்டும். மருந்தை நீங்களாக நிற்பாட்டாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் இரண்டு சுருதி கேட்டால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.