குழந்தையின் இதயத்தை நிறுத்திவைத்து அறுவை செய்கிறார்களே, அதற்குள் இதயத் தசை கெட்டுப்போகாதா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அக்காள் மகளுக்கு எட்டு மாதம், எடை ஆறு கிலோ, இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை. "நாற்பது நிமிடம் போல இதயத்தை நிறுத்திவைப்போம்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நிறுத்திய இதயம் கெட்டுப்போகாதா, நிறுத்தாமலே செய்ய முடியாதா என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இதய அறுவை அரங்கில் பதினாறு வருடமாகப் பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவன். உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற அந்த 'நிறுத்தும் மருந்து' என் கைக்குக் கீழே சுழலும் பம்ப் வழியாகத்தான் போகிறது. அந்த நாற்காலியில் இருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இதயம் நிற்கும்போது குழந்தையின் இரத்த ஓட்டம் நிற்பதில்லை. மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றுக்கும் இயந்திரம் இரத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். பட்டினி கிடப்பது இதயம் ஒன்றுதான். ஓட்டையைத் தைக்க இதயத்துக்குள் இரத்தம் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்காகப் பெருந்தமனியின் குறுக்கே ஒரு கிளாம்ப், அதாவது குழாயை நெரித்து மூடும் இடுக்கி, போடுகிறார்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் தமனிகள் அந்தக் கிளாம்புக்குக் கீழேதான் பிரிகின்றன. ஆகவே கிளாம்ப் விழுந்த நொடியில் இதயத்துக்கு வரத்து நின்றுவிடுகிறது.

வரத்து இல்லாத நேரத்தில் துடித்துக்கொண்டிருக்கும் இதயம்தான் கெட்டுப்போகும். கையிருப்பு முழுவதையும் சில நிமிடங்களில் செலவழித்துவிடும். அதனால்தான் நிறுத்துகிறோம். வேலை செய்யும் இதயத் தசை 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 8 மில்லி ஆக்ஸிஜன் கேட்கும். நிறுத்திவிட்டால் அது 1 மில்லி அளவுக்கு இறங்கும். நிறுத்தியதோடு 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் 0.3 மில்லி போதும். நிறுத்துவதிலேயே பெரும்பங்குச் சிக்கனம் வந்துவிடுகிறது, குளிர்ச்சி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

நிறுத்தாமலே செய்ய முடியாதா என்றால், சில ஓட்டைகளைத் தொடை இரத்தக் குழாய் வழியாகக் கருவி அனுப்பி அடைக்கிறார்கள். இடமும் அளவும் பொருந்தி வர வேண்டும். ஆறு கிலோக் குழந்தையின் பெரிய ஓட்டைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. திறந்துதான் செய்ய வேண்டும் என்றால், அவளுடைய இதயம் அவளுடைய மூடிய கைப்பிடி அளவு என்பதை நினைத்துப் பாருங்கள். அது துடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே மெல்லிய நூலால் தையல் போடுவது ஒரு சிரமம். அதைவிடப் பெரிய பயம் காற்று. திறந்த இதயம் துடித்தால் உள்ளே புகுந்த காற்றுக் குமிழியை மூளைக்குத் தள்ளிவிடும்.

இனி அந்த மருந்து. கார்டியோப்ளீஜியா என்பார்கள். குழந்தைகளுக்கு இன்று பல இடங்களில் கொடுப்பது டெல் நிடோ கரைசல். பெட்ரோ டெல் நிடோ என்ற அறுவை நிபுணரும் அவருடைய குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கியது. பெரியவர்களின் மருந்தை அளவு குறைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே தலைகீழாக நடந்தது: குழந்தைகளுக்கென்று செய்த கரைசலைப் பிற்பாடு பெரியவர்களுக்கான டாக்டர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

அதில் இருப்பவை ஒன்றும் மாயப் பொருள்கள் இல்லை. நிறுத்துவது பொட்டாசியம்: இரத்தத்தில் சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இந்தக் கரைசலில் 20-ஐத் தாண்டும். லிடோகெய்ன், பல் பிடுங்கும் முன் போடும் அதே மரப்பு மருந்து, தசையை அமைதியாக வைத்திருக்கும். கால்சியம் தசைச் செல்லுக்குள் நுழைவதை மக்னீசியம் தடுக்கும். மன்னிட்டால் தசை நீர் கோத்து வீங்காமல் காக்கும். சேரும் அமிலத்தை முறிக்கச் சோடியம் பைகார்பனேட், ஆப்ப மாவில் போடுகிறோமே, அதே சோடா உப்புதான். நான்கு பங்கு கரைசலோடு ஒரு பங்கு குழந்தையின் இயந்திரத்தில் ஓடும் இரத்தத்தையும் கலப்போம்.

அளவு கிலோவுக்கு 20 மில்லி. உங்கள் அக்காள் மகளுக்கு 120 மில்லி, ஒரு காபி டம்ளர். "கிளாம்ப் போட்டாயிற்று" என்று சர்ஜன் சொல்வார்; நான் அதைத் திருப்பிச் சொல்லிக் கடிகாரத்தைத் தட்டுவேன். 10 டிகிரி அளவில் சில்லென்ற அந்தக் கலவை போகத் தொடங்கும். மானிட்டரில் இசிஜி கோடு முதலில் அகலும், இடைவெளி விழும், பிறகு நேர்கோடாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கோடு நேராகும் வரை நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்; நேராகாமல் தயங்கினால்தான் எங்களுக்குக் கவலை. ஒரு தடவை கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் வரை தாங்கும் என்பது இதன் சிறப்பு. பழைய கரைசல்களை 20, 30 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சர்ஜன் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்தக் கரைசல் சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், பழகிய குழு பழகிய கரைசலைக் கொடுப்பதே நல்லது.

பொட்டாசியத்தின் கதையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1955-இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் என்ற மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். பலரும் பின்பற்றினார்கள். அடர்த்தி மிக அதிகம் என்பதால் தசையே கருகியதுபோல் சேதமாவது பிறகு தெரிந்தது. அந்த முறையையே பெரும்பாலோர் கைவிட்டார்கள். 1970-களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹர்ஸும் பிரெய்ம்பிரிட்ஜும் மிகக் குறைந்த பொட்டாசியத்தோடு அதே யோசனையை மீட்டெடுத்தார்கள். நிறுத்தும் யோசனையில் தவறில்லை, அளவில்தான் தவறு இருந்தது.

குழந்தையின் இதயம் பெரியவர் இதயத்தின் சிறு வடிவம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். பெரியவர்களின் தசைச் செல்லுக்குள்ளேயே அதற்குக் கிடங்கு இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அந்தக் கிடங்கு இன்னும் முதிர்ந்திருக்காது. வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியே இருக்கும். கூடினாலும் குறைந்தாலும் உடனே தள்ளாடும். மறுபக்கம், சர்க்கரைச் சேமிப்பு அதிகம் என்பதால் நல்ல நிலையில் இருக்கும் குழந்தை இதயம் பட்டினியைப் பெரியவர்களைவிட நன்றாகவே தாங்கும். நீலம் பாரித்துப் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சலுகை குறைவு. ஒரு நீலக் குழந்தைக்கு நுரையீரலிலிருந்து பக்கக் குழாய்கள் வழியே இரத்தம் திரும்பி வந்து எங்கள் மருந்தைக் கழுவிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் நேர்கோட்டில் சின்னதாக ஒரு நெளிவு. அரை டோஸ் திரும்பக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. உங்கள் வீட்டுக் குழந்தை அந்த வகை அல்ல.

பாதுகாப்பின் பாதி, கிளாம்பை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. பல நாள் பட்டினி கிடந்தவனை எழுப்பி முதலில் கஞ்சித் தண்ணீர்தான் கொடுப்பார்கள், இலை போட்டு விருந்து வைக்க மாட்டார்கள். இதயமும் அப்படித்தான். இரத்தம் திரும்பி வரும்போது அழுத்தத்தைக் குறைத்து, ஆக்ஸிஜனை அளந்து விடுவேன். கால்சியத்தை உடனே கொடுக்க மாட்டோம், சில நிமிடம் பொறுப்போம். பொட்டாசியம் கழுவப்பட்டதும் பெரும்பாலும் இதயம் தானாகவே துடிக்க ஆரம்பித்துவிடும். தாறுமாறாகத் துடித்தால் சிறு மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். மெதுவாகத் துடித்தால் தற்காலிகப் பேஸ்மேக்கர் கம்பி இருக்கிறது.

எவ்வளவு பாதுகாத்தாலும் தசைக்குக் கொஞ்சம் அயர்ச்சி இருக்கும். அறுவை முடிந்து 6 முதல் 18 மணி நேரத்துக்குள் இதயத்தின் பலம் சற்று இறங்கி, பிறகு ஏறும். அன்று இரவு "இதயத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஐசியுவில் சொன்னால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மில்ரினோன் போன்ற மருந்துகளைப் பல இடங்களில் முன்கூட்டியே தொடங்கிவிடுவார்கள்.

பார்வை நேரத்தில் உள்ளே விட்டால் மானிட்டரின் எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவை எங்களுக்காக ஓடுபவை. கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில் சிறுநீர் சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு நர்ஸிடம் கேட்டு, கையைச் சுத்தம் செய்துகொண்டு, குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வெளியே வந்து அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.