பால்பல் விழத்தானே போகிறது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. டின்பால் (சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால்) கரைத்த புட்டியை வாயில் வைத்தால்தான் இரவில் தூங்குவான். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது. தூக்கத்தில் விரலும் சூப்புகிறான். பல்லைக் கடிக்கச் சொன்னால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
– ஒரு தாய், பெகு

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. அந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையின் முதல் அடையாளம். பல்லின் சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கிவிட்டது. குழி விழுவதற்குள் கவனித்தால் அதைத் தடுத்துவிடலாம். யாங்கூனில் என்னிடம் வரும் குழந்தைகள் பலர் பல் கறுத்து, சோறு மெல்ல முடியாமல் போன பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் நல்ல நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

டின்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவதால் அந்த இனிப்பு பல்லிலேயே தங்குகிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும். மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் கிடையாது. ஒரே நாளில் புட்டியைப் பிடுங்கினால் வீடே தூங்காது. தினமும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராகட்டும். அப்புறம் புட்டியே வேண்டாம். சர்க்கரை போடாத பாலைப் பகலில் கோப்பையில் கொடுங்கள்.

காலையும் இரவும் 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையை ஓர் அரிசி அளவு எடுத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். 3 வயதானால் பட்டாணி அளவு. இரவில் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான். காலையில் முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசும்போது மேலுதட்டைத் தூக்கி அந்தக் கோட்டைப் பாருங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். ஆனால் கடைசிப் பால் கடைவாய்ப்பல் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது. 6 வயதில் அதன் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். சொத்தையால் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பின்னால் உள்ள பெரிய பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே வரவேண்டிய பல் கோணலாக வரும், அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பேரன் விஷயம், கேட்பார்.

விரல் சூப்புவது 4 வயதுக்குள் நின்றால் முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானாகவே குறையும். வேப்பெண்ணெய் தடவுவதும் திட்டுவதும் வேண்டாம். பயந்த பிள்ளை இன்னும் அதிகமாகத்தான் சூப்பும். தூங்கியதும் மெதுவாக விரலை எடுத்துவிடுங்கள், போதும். கடைவாய்ப் பக்கம் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்து கடிக்கிறதா என்பதை மட்டும் மருத்துவர் பார்க்க வேண்டும். அது தானாகச் சரியாவது குறைவு.

இந்த மாதமே பல் மருத்துவரிடம் காட்டி, ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். சிறு தூரிகையால் பல்லில் தடவுவார்கள். வலிக்காது, சில நிமிட வேலை. உங்கள் மடியிலேயே பையனைப் படுக்கவைத்துப் பூசிவிடலாம்.