பால் சேரவில்லை, எதிர்ப்பொருளும் குறைவு: பயப்பட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 10 மாதம். தாய்ப்பால் குடிக்கிறான். 7-ஆம் மாதத்தில் பாலாடையில் கொஞ்சம் பசும்பால் புகட்டினேன். அரை மணி நேரத்தில் வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்தது, வாந்தியும் எடுத்தான். அடுத்த முறையும் அப்படியே. ரத்தப் பரிசோதனையில் பால் ஒவ்வாமை என்று வந்தது. கூடவே ஐஜிஜி 340, ஐஜிஏ 14. இரண்டுக்கும் பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருக்கிறார்கள். அவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா? மாமியார் கழுதைப்பால் கொடுக்கச் சொல்கிறார்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐஜிஜி, ஐஜிஏ இரண்டும் கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள், அதாவது எதிர்ப்பொருள்கள். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஐஜிஜிக்கு நேராக 700 முதல் 1600 வரை என்று இருந்தால், அது பெரியவர்களுக்கான அளவு. குழந்தையின் வயதைப் பார்க்காமல் அதையே அச்சிட்டுக் கொடுக்கும் லேப்கள் உண்டு. அந்த ஒரு சொல்லால் எத்தனை அம்மாக்களுக்குத் தூக்கம் போகிறது!

கருவில் இருக்கும்போது உங்கள் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாக அவனுக்குப் போனது. பிறந்தபின் அந்தக் கையிருப்பு கரைய, அவனுடைய சொந்த உற்பத்தி மெல்லத்தான் கூடும். 3 முதல் 6 மாதத்துக்குள் அளவு மிகவும் இறங்கிவிடும். சில குழந்தைகளுக்கு மறுபடி ஏறுவதற்குத் தாமதமாகி, பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் தானாகச் சரியாகும். 10 மாதத்தில் 340 என்பது இயல்பின் கீழ்விளிம்பு, அவ்வளவுதான். ஐஜிஏ இன்னும் மெதுவாக ஏறும். 4 வயதுக்கு முன் அதைக் 'குறைபாடு' என்று நாங்கள் முடிவுகட்டுவதில்லை.

பால் ஒவ்வாமைக்குக் காரணம் ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் குறைந்ததால் அல்ல, பாலின் கேசீன் போன்ற புரதங்களை உடல் எதிரியாக நினைத்ததால் வந்த வினை இது. ஒவ்வாமையால் நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு இருந்தால் குடல் வழியே புரதம் வெளியேறி ஐஜிஜி குறையலாம். நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆட்டுப்பால், எருமைப்பால் இரண்டும் வேண்டாம். அவற்றின் புரதங்கள் பசும்பாலைப் போன்றவையே. கழுதைப்பாலின் புரதம் தாய்ப்பாலுக்குச் சற்று நெருக்கமானது, மாமியார் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் தெருவில் கறந்து சங்கில் ஊற்றும் பச்சைப்பாலில் கிருமி இருக்கும். கொடுக்காதீர்கள்.

நீங்கள் தயிர், மோர் சாப்பிட்டும் தாய்ப்பால் குடிக்கும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், உங்களுக்குப் பத்தியம் தேவையில்லை. அவனுக்கு மட்டும் தயிர், நெய், ரஸ்க், பால் பவுடர் கலந்த பிஸ்கட், டின் மாவு எதுவும் கூடாது. கேழ்வரகுக் கூழ், பருப்பு, மீன் தாராளமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த நேர்ந்தால் புரதத்தை நன்கு சிதைத்துத் தயாரித்த பவுடரை மருத்துவர் எழுதித் தருவார். தேங்காய்ப்பால் அதற்கு ஈடல்ல.

அடிக்கடி நிமோனியா, சீழ்க்கட்டி, ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமை, குடும்பத்தில் சிறுவயது மரணம், சொந்தத்தில் திருமணம் இவற்றில் ஏதாவது இருந்தால் எதிர்ப்பாற்றல் நிபுணரைப் பாருங்கள். இல்லையென்றால் 3 முதல் 6 மாதம் கழித்து ஐஜிஜியை மீண்டும் பார்த்தால் போதும். தடுப்பூசிகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். போடும் இடத்தில் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

இந்த ஒவ்வாமை பல குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் போய்விடும். பாலை மறுபடி கொடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில்தான், வீட்டில் அல்ல. தவறிப் பால் உள்ளே போய் மூச்சு இழுத்தாலோ துவண்டாலோ அலர்ஜி சிரப்பைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அப்போது தேவை அட்ரினலின் ஊசி.