நோட்டீஸில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பறைக்கும் கூத்துக்கும் ஒரே ஆண்டில் மரியாதை, மகிழ்ச்சிதான். ஆனால் 'விருது போதாது, அரசு பணமும் தரவேண்டும்' என்று முடித்தது உறுத்தியது. நல்ல கலைக்கு ரசிகன் காசு கொடுப்பான். கொடுக்கவில்லை என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. ரோடு போட வேண்டிய வரிப்பணத்தில் கலைஞனுக்கு எதற்குச் சம்பளம்? விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை.

கே.

அன்புள்ள கே.,

பலர் மனதில் இருப்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கூத்துக்கு ரசிகன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்குமேல் விடியவிடியக் கூத்து. எல்லாம் ஊர்ப்பணம். ஆனால் அது அந்த ஒரு ராத்திரிக்கான பணம். வேஷக்காரர்கள், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், வேன் வாடகை என்று பிரித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஆடி தாண்டினால் ஆட்டமும் குறைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அர்ஜுனன் வேஷம் கட்டுகிறவர் மிச்ச மாதங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். 2020-ல் சீசன் தொடங்கும் நேரம் பார்த்து ஊரடங்கு வந்தது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு பையன் கர்ணன் வேஷம் கட்டப் பல வருடம் ஆகும். பாட்டு, வசனம், அடவு, விடியும்வரை இறங்காத குரல். அத்தனை வருடமும் அவனுக்கும் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கும் சோறு போடுவது யார்? கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் உளுத்துப்போனால் மாற்றுவது யார்? காசு கொடுக்கும் ரசிகனுக்கு அது கண்ணில் படாது. பொதுப்பணம் போக வேண்டிய இடம் அது.

அப்புறம், கர்நாடக சங்கீதம் சொந்தக் காலில் நின்றதாக ஒரு நினைப்பு நமக்கு. சபாக்கள் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வித்வான்களை கிரேடு பிரித்துச் சன்மானம் கொடுத்ததும், பலரை நிலையக் கலைஞர்களாக வைத்துச் சம்பளம் கொடுத்ததும் ஆல் இந்தியா ரேடியோ. அதை இனாம் என்று யாரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் திட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. இயல் இசை நாடக மன்றம் 1955-லிருந்து இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. மாத உதவித்தொகையும் உண்டு, 'நலிந்த நிலையில் வாழும்' கலைஞர்களுக்கு. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். முதலில் நலிய வேண்டும்.

போன வருடம் ஒரு கூத்து வாத்தியாருக்கு இப்படியொரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகத் துரியோதனன் கட்டுகிறவர். கலைஞர் என்பதற்கு ஆதாரமாக அழைப்பிதழ், போட்டோ, பத்திரிகைச் செய்தி கேட்டிருந்தார்கள். பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு திருவிழா நோட்டீஸ் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக விரித்தோம். அம்மன் படம், தர்மகர்த்தா பெயர், மைக் செட் பெயர், பந்தல்காரர் பெயர், உபயதாரர்கள் நாற்பது ஐம்பது பேர். கீழே ஒரு வரி: 'இரவு 10 மணிக்கு மகாபாரத நாடகம்.' சிலவற்றில் ஜமாவின் பெயர். இவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

"நம்ம பேர எங்க சார் போடுவாங்க? துரியோதனன்னா ஊருக்கே தெரியும்," என்றார்.

அவரிடம் இருந்த ஒரே ஆவணம் வெற்றிலை பாக்கு வாங்கிய, அதாவது ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்ட, கணக்கு நோட்டு. ஊர், தேதி, அட்வான்ஸ், பாக்கி எல்லாம் பென்சிலில். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. அலுவலகத்தில் ஏற்கவில்லை.

அயர்லாந்தில் 2022-ல் கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம் என்று ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். 2000 பேருக்கு வாரம் 325 யூரோ, மூன்று வருடத்துக்கு. 9000 பேருக்குமேல் விண்ணப்பித்தார்கள். அவர் கலைஞர்தானா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, தேறியவர்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். யார் பெரிய கலைஞர் என்ற கேள்விக்கே போகவில்லை. சிபாரிசுக்கும் வேலையில்லை. போட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் 1.39 யூரோ பலன் என்று பிறகு ஓர் ஆய்வு சொன்னது. அதில் மன நிம்மதிக்கும் விலை போட்டிருக்கிறார்கள், எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கையில்லை. குலுக்கல்தான் பிடித்தது. ஆனால் ஒன்று: அங்கேயும் கலைஞர் என்று முதலில் காட்டியாக வேண்டும். நம் வாத்தியார் அந்த வாசலிலேயே நின்றுவிடுவார்.

இந்த பத்மஸ்ரீயோடு பணம் ஏதும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் வருகிறது என்று நினைக்கிறார்கள். அந்த மரியாதை கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்துக்கு வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

வாத்தியார் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தன் பெயரைப் பெரிதாகப் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறார், சொந்தக் காசு 600 ரூபாய். பதினெட்டாம் போர் கூத்து முடிந்து, துரியோதனன் வதம் நடக்கும் படுகளத்துக்குக் கிளம்பும்முன், முழு வேஷத்தில் அதன் பக்கத்தில் நிற்பாராம். நான் போனோடு வந்து படம் எடுக்க வேண்டும். தேதி தெரியும்படி அந்த வருட நோட்டீஸையும் கையில் பிடித்துக்கொள்வாராம். போகிறேன். நீங்களும் வருவதென்றால் எழுதுங்கள். ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும், பாய் கொண்டுவாருங்கள்.