நடுவில் இருட்டு, ஓரத்தில் சிவப்பு

கேள்வி: டோகாமாக் அணுப்பிணைவு உலைக்குள் எடுத்த வீடியோ ஒன்று பார்த்தேன். நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் சிவப்பு இழைகள் சாய்வாகப் பிய்ந்து பறக்கின்றன. கோடிக்கணக்கான டிகிரி சூடு நடுவில்தானே? கேமரா எப்படித் தாங்குகிறது?
– இயற்பியல் மாணவி, பெரம்பூர்

பதில்: கேமரா உலைக்கு வெளியே, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே காந்தப்புலம் வளையமாகப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்மாவும் (எலெக்ட்ரான்கள் கழன்ற சூடான வாயு) காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தி குறைந்தது. அதனால் கேமராவுக்கு ஆபத்தில்லை.

இருட்டைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் அருமையான கேள்வி. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் டிஸ்சார்ஜ் குழாய் இருக்கும். சென்னையில் நான் பாடம் நடத்திய காலத்தில், ஜன்னல்களைச் சாத்திவிட்டு மாணவிகளை ஒவ்வொருவராக ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கச் சொல்வேன். எடுப்பாகத் தெரிவது 656 நானோமீட்டர் சிவப்புக் கோடு. எலெக்ட்ரான் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வரும் ஒளி அது. உலையில் இருப்பதும் ஹைட்ரஜன் வகை வாயுதான் என்பதால், வீடியோவில் நீங்கள் பார்த்த சிவப்பும் பெரும்பாலும் அதே ஒளிதான். அது வரவேண்டுமானால் அணுவோடு எலெக்ட்ரான் ஒட்டியிருக்க வேண்டும். நடுப்பகுதியின் சூட்டில் எலெக்ட்ரான்கள் எல்லாம் கழன்றுவிட்டன. அங்கிருந்து எக்ஸ் கதிர் வரும், ஆனால் சாதாரண கேமராவுக்கு அது தெரியாது. சுவர்ப்பக்கம் குளிர்ந்த வாயு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது; பிளாஸ்மா அதோடு மோதும் இடம்தான் ஒளிர்கிறது. ஆகவே வெளிச்சம் கூடிய இடத்தில் சூடும் கூடுதல் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இந்தப் படங்களுக்குக் கீழே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இழைகளுக்கு வருவோம். 1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் என்ற டோகாமாக் கருவியில், பிளாஸ்மா வெப்பத்தைத் திடீரென நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு நிலையை ஃபிரிட்ஸ் வாக்னர் குழுவினர் கண்டார்கள். அந்த நிலையில் ஓரத்தில், சில சென்டிமீட்டருக்குள்ளேயே அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. அளவு மீறினால் ஓரம் காந்தப்புலக் கோடுகளின் வழியே இழை இழையாகப் பிதுங்கி வெடிக்கும். அந்தக் கோடுகளே வளையத்தை முறுக்கிக்கொண்டு ஓடுபவை. சாய்வாகத் தெரிவது அதனால்தான். ஒரு வெடிப்பு ஒரு மில்லி நொடி அளவிலேயே முடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு படத்தையும் மைக்ரோ நொடிக் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் மாஸ்ட் கருவியில் அப்படி எடுத்த படங்களில் இழைகள் தனித்தனியாகவே தெரிந்தன. தென்கொரியாவின் கேஸ்டாரில் வேறு வழி: காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் வெளியிடும் மைக்ரோ அலைகளைப் படமாக்குகிறார்கள். அடர்த்தி போதுமான இடங்களில் அந்தப் படம் சூட்டையே காட்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் எழுப்பிவரும் ஐடெர் என்ற பெரிய டோகாமாக். அங்கே பெரிய வெடிப்புகள் திரும்பத் திரும்ப விழுந்தால் உலையின் அடிப்பகுதியில் பதித்த டங்ஸ்டன் உலோகம் தாங்காது. உலைச் சுவரின் உட்புறம் 27 காந்தச் சுருள்களைப் பொருத்தி, ஓரத்துப் புலத்தை லேசாகக் கலைத்து, அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளத் திட்டம்.